இரண்டு சிவப்பு மூடிகள்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வாங்கிய வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. இருக்க நான் விடமாட்டேன். பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. துணி துவைக்கும் திரவம் வந்த கேனைக் கைப்பிடியோடு சாய்வாக வெட்டி அரிசி அள்ளப் பயன்படுத்துகிறேன். பழைய நைட்டியின் கைப்பகுதியை ஒரு பக்கம் தைத்தால் வெங்காயம் வைக்கும் பை. ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாகத் திறந்து உள்ளே கருவாட்டைப் பார்த்த விருந்தாளிகள் உண்டு. அடுத்தவர் வீட்டு டப்பாவைக் கேட்காமல் திறந்தால் அப்படித்தான்.

"இந்த வீட்ல எதுவும் அதுவா இருக்காது" என்பாள் மகள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில், அய்யனார் கோவில் போகும் சாலைப் பக்கம். வீட்டுக்காரர் தறி செட்டில் வேலை பார்க்கிறார். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம். நான் அதே செட்டிலிருந்து துணி வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாக வெட்டி மடித்துக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் புண் துடைக்கிற துணி அது. மூன்றடி நீள அட்டைக் குழாயில் சுற்றி வரும். அந்தக் குழாயை நாங்கள் டியூப் என்போம். துணியை உருவி முடித்ததும் வெறும் டியூப்பைச் செட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் மறுபடியும் துணி சுற்றுவார்கள். விளிம்பு நசுங்கியதும் எலி கடித்ததும் மட்டும் கழிவு. கழிவு என்று யார் எதைச் சொன்னாலும் எனக்குக் காது நீண்டுவிடும். செருப்பு அடுக்க, குடை செருக, கொடிக்கயிறு சுற்றி வைக்க என்று எங்கள் வீட்டில் பாதி டியூப்பில்தான் நிற்கிறது.

அதில் என் மூளைக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்னால் பீரோவுக்கு அடியில் இருந்த ஃபைலில் கரையான் ஏறி, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மொத்தமாகத் தின்றுவிட்டது. மகளுடைய சான்றிதழ்கள் பக்கத்து அட்டைக்குள் இருந்ததால் தப்பின. அன்றே முடிவு செய்தேன். பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து, நீளமாக வெட்டி, ஊதுபத்தி நெருப்பால் ஓரங்களை ஒட்டி ஒரு பை செய்தேன். அவளுடைய மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், பட்டம், எல்லாவற்றையும் அதில் போட்டுச் சுருட்டி, எலி கடித்த டியூப் ஒன்றுக்குள் விட்டேன். உள்ளே போனதும் பை தானாக விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சத்துமாவு டப்பாவின் சிவப்பு மூடிகள் இரண்டு அளவெடுத்தாற்போல டியூப்பின் இரண்டு வாயிலும் இறுகின. பரணுக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கரையானுக்கு எட்டாது. மழைக்கும் பயமில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சிவப்பு மூடி போட்ட டியூப் வீட்டுச் சொத்து, கை வைக்கக்கூடாது. மூடி இல்லாத டியூப் செட்டுச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டம் போட்டது நான்.

மகள் இந்த வருடம் போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்திலும் தேறிவிட்டாள். இரண்டு வருடம் தினமும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடியவள். அவள் அப்பா ஓரத்தில் நின்று கைபேசியில் நேரம் பார்த்துச் சொல்வார். சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. விருதுநகருக்கு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்று கடிதம் வந்தது. கைபேசியில் இருக்கும் படமோ நகலோ செல்லாது என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். அடுத்த தடவை ஆள் எடுப்பதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வழியில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முந்தின வாரம் நகல் எடுப்பதற்காக டியூப்பைக் கீழே இறக்கியவள், வேலை முடிந்ததும் சான்றிதழ்களைப் பத்திரமாக உள்ளே வைத்து மூடி, மூலையில் சாத்தி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாங்காய் ஊறுகாய் போட்டேன். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா கடுகுப்பொடி அளவு சொல்லிக்கொடுத்து, கூடவே நின்று கிளறவும் செய்தார். ஊறுகாய் அமோகமாக வந்துவிட்டது. போட்டு வைக்கக் காலி டப்பாவைத் தேடினால் அந்தச் சத்துமாவு டப்பாக்கள் இரண்டும்தான் இருந்தன, மூடி இல்லாமல். மூலையில் நின்ற டியூப்பைப் பார்த்தேன். ஒரு நாள்தானே, நாளைக்கு வேறு மூடி பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூடிகளையும் உருவினேன். இரண்டும் தம் சொந்த டப்பாவில் போய் 'டக்'கென்று உட்கார்ந்தன. அக்காகூட என்ன கச்சிதம் என்று மெச்சினார். சான்றிதழ்கள் உள்ளேயே இருந்தன. டியூப்பை அதே மூலையில் சாத்தினேன், திருப்பிக் கொடுக்க வேண்டிய மற்ற டியூப்களுக்குப் பக்கத்தில்.

பிறகு மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். மகள் மறுநாளைக்கான பையை அடுக்க உட்கார்ந்தாள். அழைப்புக் கடிதம், புகைப்படம், பேனா எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மூலைக்குப் போனாள். மூலையில் ஒன்றும் இல்லை. பரணைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"எம்மா, டியூப்பு எங்க?"

பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் துண்டோடு வந்து நின்றார். திங்கட்கிழமை காலையில் மூலையில் இருந்த டியூப்களைக் கட்டிச் செட்டில் கொண்டுபோய்ப் போட்டதாகச் சொன்னார். செட்டில் டியூப் பற்றாக்குறை, எலி கடித்தது இருந்தாலும் பரவாயில்லை கொண்டுவா என்று மேஸ்திரி சொன்னதால், மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார்.

மகள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிவந்தது. அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் அன்று பேசினாள்.

"சிவப்பா மூடி போட்டிருந்துச்சுல்லப்பா. அதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். மூடி எதுவும் இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே என்றார் மெதுவாக. பிறகு, "நாந்தான் சரியாப் பாக்கலயோ என்னமோ" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். மூடியை எடுத்தவள் நான், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. இப்போது தேடுவதுதான் முக்கியம், அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த முகத்தோடு அவள் என் பக்கம் திரும்புவதை என்னால் பார்க்க முடியாது என்ற பயம்.

மகளை வீட்டில் இன்னொரு தடவை தேடச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மொபெட்டில் செட்டுக்குப் போனோம்.

தறிச் சத்தத்தில் மேஸ்திரிக்கு விஷயத்தைப் புரியவைக்கவே நேரம் ஆனது. திங்கட்கிழமை வந்த டியூப்கள் அத்தனையிலும் துணி சுற்றியாகிவிட்டது என்றார். உள்ளே காகிதம் இருந்தால் தெரிந்திருக்காதா என்று நான் கேட்டதற்கு, சுற்றும்போது நடுவில் போகும் கம்பி மெலிசு, சுவரோடு ஒட்டிக் கிடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது என்றார். என் பை அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்திருக்கிறது.

சுற்றிய உருளைகளில் பாதி அங்கேயே அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி, கைபேசி விளக்கை அடித்துக் குழாய்க்குள் பார்த்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் பார்த்து இல்லையென்று வைத்ததையும் அவர் மறுபடி எடுத்துப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பார்த்ததையே எதற்குப் பார்க்கிறீர்கள் என்று சள்ளென்று விழுந்தேன். அவர் அடுத்த உருளையை எடுத்தார்.

ஒன்றிலும் இல்லை. மீதி உருளைகள் எங்கே என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லோடு போயிருச்சேம்மா. அங்க டியூப்போட சேத்துல்ல அறுப்பாவ."

எனக்கு அது தெரியாத விஷயமல்ல. மடிப்புக்கு வரும் துணியைத்தான் உருவுவோம். சுருள் பேண்டேஜுக்குப் போகும் உருளையை அப்படியே மிஷினில் படுக்கவைத்து, வட்டக் கத்தியால் நான்கு விரல்கடை அகலத்துக்குத் துண்டு துண்டாக அறுப்பார்கள், ரொட்டி அறுப்பதுபோல. துணியும் போகும், அட்டையும் போகும். உள்ளே இருப்பதும் போகும்.

மேஸ்திரி அங்கே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடினால் எடுக்க மாட்டார்கள் என்றார். இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவைக்கு நாங்கள் நிற்கவில்லை.

மொபெட் எவ்வளவு வேகம்தான் போகும்? முன்னால் கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையை அடைத்துக்கொண்டு போயின. முந்துங்கள் என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். எதிரே லாரி. மறுபடி பேருந்தின் பின்னாலேயே ஒதுங்கினார். அப்போது அவர் செய்தது எனக்கு உடனே பிடிபடவில்லை. பேருந்தின் பின்பக்கம் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒரு சிமெண்ட் கடைப் பலகையைப் படித்தார். சாலையோரச் சுவரில் எழுதியிருந்த திருமண மண்டபத்தின் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்தார். பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று கத்தினேன். "பாத்துத்தான ஓட்டுதேன்" என்றார்.

வழியெல்லாம் என் மனதில் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் இருட்டு விலகாத நேரத்தில், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க. அத்தனை ஓட்டத்தையும் இரண்டு டப்பா ஊறுகாய்க்கு விற்றுவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

பேக்கிங் ஷெட் மடவார் வளாகத்துக் கோயிலைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது. வண்டி நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன். உள்ளே மிஷின் சத்தம் இல்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. வாசலிலேயே அறுத்த துண்டுகள் தட்டுத் தட்டாகக் குவிந்து கிடந்தன. எதையும் கேட்காமல் முதல் தட்டில் கையை விட்டுக் கிளறினேன். வெள்ளை வட்டங்கள், நடுவில் அட்டை வளையம். அடுத்த தட்டு. அதிலும் வளையம்தான். கழிவுச் சாக்கைக் கவிழ்த்தேன். ஓர் அட்டை வளையத்துக்குள் அச்செழுத்தோடு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ராசிபலன் என்றார். யாரோ பழைய நாளிதழைத் திணித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"எந்த மூதேவி டியூப்புக்குள்ள பால் கவரத் திணிச்சு வச்சது? பிளேடே போச்சு."

மிஷின் ஓட்டுகிறவர், கோபத்தில் முகம் கடுகடுவென்று, ஒரு கம்பியால் கத்தியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஷெட்டெல்லாம் பிளாஸ்டிக் கருகிய வாடை. மிஷின் மேல் ஓர் உருளை படுத்திருந்தது. அதிலிருந்து இரண்டு துண்டுகள் அறுபட்டு விழுந்திருந்தன. மூன்றாவது அறுப்பு பாதியில் நின்றிருந்தது. டியூப்பின் மறுமுனையில் எலி கடித்த விளிம்பு.

அந்த மூதேவி நான்தான் என்றேன்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். கத்தி இறங்கும்போது சத்தம் மாறியது, கருகல் வாடை வந்தது, அதனால்தான் நிறுத்தினேன் என்றார். வெறும் காகிதமாக இருந்தால் துணியோடு துணியாக அறுபட்டுப் போயிருக்கும், தனக்குத் தெரிந்திருக்கவே செய்யாது என்றும் சொன்னார். அவரே டியூப்பை வகுந்து கொடுத்தார். நான் பையை உருவினேன். ஒரு பக்கம் உருகிச் சுருங்கியிருந்தது. உள்ளே எல்லாம் இருந்தன. வெளிச்சுற்றில் இருந்த பள்ளி மாற்றுச் சான்றிதழின் ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு பிறை வெட்டு. அதுவும் எழுத்தில்லாத இடத்தில்.

அங்கேயே துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். மிஷின்காரர் வேறு பிளேடு மாட்டப் போனார். பேக்கிங் செய்யும் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சரி என்று ஒரே சொல்லோடு வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் விருதுநகரில் சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது. இரண்டு வருடம் சுருண்டே இருந்த காகிதங்கள் மேசையில் படுக்க மறுத்ததால், அதிகாரி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தாராம். பிறை வெட்டைப் பார்த்து எலியா என்று கேட்டாராம். மகள் இப்போது பயிற்சியில் இருக்கிறாள். ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரோடு முடியவில்லை.

திரும்பி வரும்போது மொபெட் நிதானமாக வந்தது. அழுத கண் காய்வதற்குள் எனக்குப் பெருமை வந்துவிட்டது. என் புத்தி அப்படி. கடையில் வாங்கிய காகித உறையில் போட்டிருந்தால் இன்று என்ன கதி என்று ஆரம்பித்தேன். அவரும் ஆமாம் என்றார். "ஒன் பால் கவருதான் நம்ம பிள்ளையக் காப்பாத்துச்சு" என்றார். மனதாரச் சொன்னார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். மூடியைப் பற்றிச் சொல்ல மறுபடி ஓர் இடம் வந்தது, அதையும் கடந்து போனோம். கிடைத்துவிட்ட பிறகு அந்தப் பேச்சு எதற்கு என்று இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழ்களை அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எழுந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் எழவில்லை. அவள் பார்வை போன பக்கம் பார்த்தேன்.

பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஊறுகாய் டப்பாக்கள் இரண்டும் இருந்தன, மேலே தட்டு கவிழ்த்து. பக்கத்தில் அந்தச் சிவப்பு மூடிகள், எண்ணெய் போகக் கழுவித் துடைத்து. நாங்கள் போன பிறகு வீடெல்லாம் தேடியவள் அடுப்படியையும் தேடியிருக்கிறாள்.

"காலையில நான் அப்பாவ ஏசும்போது பக்கத்துலதான நின்ன?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "அப்பாகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்ன என்று கேட்டார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மூடியை எடுத்ததையும், மாற்று மூடி போட மறந்ததையும், காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். வழக்கமாக எனக்குச் சமாதானம் சொல்லப் பத்து வார்த்தை வரும். அன்று நடந்ததோடு நிறுத்திக்கொண்டேன். அவர் ஒரு செருப்போடு நின்றபடியே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் ஸ்டூல் பக்கம் போய் ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில். தறிக்காரருக்கு அறுந்த இழை கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் தறியை விட்டு இறக்கிவிடுவார்கள். போன மாதம் அவருக்குப் பக்கத்துத் தறியில் நின்றவரை அப்படித்தான் இறக்கி, மூட்டை தூக்க அனுப்பியிருந்தார்கள். பேருந்தின் பின்னால் எழுதியிருந்ததையும் சிமெண்ட் கடைப் பலகையையும் அவர் ஏன் வாய்விட்டுப் படித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மூடியைத் திரும்ப ஸ்டூலில் வைத்தார்.

"அப்ப எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.